சக்கரக் கல்

நகரசபையின் பட்ஜெட்டைச்
சிங்களத்திலிருந்து தமிழாக்குவது என் வேலை.
நாற்பத்தோராம் தலைப்பு, தீயணைப்பு.
வெட்டு என்று அடித்தேன்.
குறைப்பு என்று போடச் சொன்னார் கணக்காளர் நஸ்லியா.
மாடிக்குப் போய் வந்தபோது
அது மறுசீரமைப்பு ஆகியிருந்தது.
மூன்று சொல்லுக்கும் தொகை ஒன்றுதான்.

இரவு ஓவர்டைம் போயிற்று.
எட்டுப் பேரில் மூன்று பேர் மிச்சம்.
குழாய் ஒட்டுப் போட்டது, பூட்ஸ் சோடி மாறியது.
பெட்டரி அடுத்த காலாண்டில் என்றார்கள்;
எந்த ஆண்டின் என்று கேட்பதற்குள்
கூட்டத்தில் கோரம் இல்லாமல் போனது.
போலீஸ் ஜீப்புக்கும் டீசல் அளந்துதான்.
ராத்திரி ரோந்து
மணிக்கூட்டுக் கோபுரத்தோடு திரும்பிவிடும்.
கள்ளர்களுக்கும் அது தெரியும்:
வாழைக்குலை, காஸ் சிலிண்டர்,
ஒருமுறை எங்கள் சபையின் வெண்கலக் கைப்பிடி.

டிரைவர் திலகசிறி ஒரு வழி கண்டுபிடித்தார்.
மாதா கோயில் ஏற்றத்தின் உச்சியில்
வண்டியைச் சந்தை பார்த்து நிறுத்தி
முன்சக்கரத்துக்கு ஒரு கல்.
அழைப்பு வந்தால் கல்லை இழு,
உருளவிடு,
சலூனைத் தாண்டுமுன் கியரில் போடு,
இருமிக்கொண்டே பிடித்துவிடும் இஞ்சின்.
நெருப்பு பள்ளத்திலேயே பிடிக்கட்டும் என்று
தேத்தண்ணி நேரத்தில் சொல்லிச் சிரிப்போம்.
நானும் சிரித்திருக்கிறேன்.

மாசியில் ஒரு செவ்வாய், இரவு பதினொன்றரை.
மேக்கணக்கில் இரண்டாம் லயம்.
எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று
படிவத்தில் ஒரு கட்டம் உண்டு;
குணரூபன் அதை நிரப்பாமல் ஓடினான்.
(பிற்பாடு விளக்கம் கேட்கப்பட்டது.)

கல்லை இழுத்தார்கள்.
மேலே எரிகிற தீக்கு
வண்டி கீழே ஓடியது,
மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.
சைரனுக்கும் பெட்டரி வேண்டும்,
குணரூபன் கையால் மணி ஆட்டினான்.
சலூன், அடகுக்கடை, பஸ் நிலையம்,
பாலத்தடியில்தான் இஞ்சின் பிடித்தது.
அங்கிருந்து திரும்பி ஏழு மைல் ஏற்றம்.
முடக்குக்கு முடக்கு எதிரே லொறி வந்தாலும்
திலகசிறி காலை எடுக்கவில்லை.
நின்றால் நின்றதுதான்.

மேலே, பீலியிலிருந்து லயம் வரை
ஆட்கள் வரிசையாக நின்று
பெயிண்ட் வாளி, சோற்றுப்பானை,
பிள்ளை குளிப்பாட்டும் பேசின்,
எல்லாம் கைமாறியதாம்.
பன்னிரண்டு காம்பிராவில் ஐந்து போயிற்று.
ஆறாவதின் தகரத்தைப் பிடுங்கி எறிந்து
தீக்கு வழி மறித்தவள் தவமலர்.
அது அவளுடைய காம்பிரா.

வண்டி போய்ச் சேர்ந்து
புகைக்குத் தண்ணீர் அடித்தது.
யாரும் சாகவில்லை.
யாரும் ஏசவுமில்லை.
யாரோ இரண்டு கோப்பை பிளேன்டீ நீட்டினார்கள்
என்று சொல்லும்போதுதான்
குணரூபனுக்குக் குரல் உடைந்தது.

வியாழக்கிழமை என் மேசையில் ஒரு கடிதம்.
எல்லைக்கு வெளியே ஆற்றிய சேவைக்கு
கிலோமீற்றர் கணக்கில் கட்டணம்.
கீழே ஓடிய தூரத்தையும் சேர்த்திருந்தார்கள்.
பெறுநர்: இரண்டாம் லயம்,
காம்பிரா இலக்கம் ஒன்று முதல் ஆறு வரை.
ஒட்டுவதற்கு அங்கே கதவு இல்லை.
பொருத்தமான சொல் அகப்படவில்லை,
அகராதி பார்க்கிறேன் என்று
நஸ்லியாவிடம் சொல்லியிருக்கிறேன்.
அவர் என்னைப் பார்த்துவிட்டு
அவசரமில்லை என்றார்.

மாலையில் மழை.
அடகுக்கடைக்கு முன்னால் சாக்கடை ஓரம்
அந்தக் கல் கிடந்தது,
வண்டியின் பின்னாலேயே உருண்டு வந்து.
குடையை மடக்கி இரண்டு கையாலும் தூக்கினேன்.
பார்த்ததைவிடக் கனம்.
சேலை முந்தானை எல்லாம் சேறு.
ஏற்றத்தின் உச்சியில்
திலகசிறி ஒரு செங்கல்லை நம்பிக்கொண்டு நின்றார்.
கல்லை வாங்கிச் சக்கரத்துக்கு வைத்து
காலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு
இது எந்தத் தலைப்பில் வரும் மிஸ் என்று கேட்டார்.
எனக்குத் தெரியவில்லை.
வண்டி நனைந்தபடி
சந்தையைப் பார்த்து நின்றது.